வெள்ளை மாடியில் சிவப்புக் கோடு

"மேடம், இந்த மாடியில நடக்க ஒரு கருப்புக் கண்ணாடியும் ஒரு குடையும் சேர்த்துக் குடுக்கணும். சும்மா கூப்பிட்டு வெச்சு வறுக்கறாங்க," என்றான் லம்ஜத், புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

ஜெர்பா தீவில் மாடி என்றாலே வெள்ளைதான். மழைத் தண்ணீர் சுத்தமாகத் தொட்டியில் இறங்க வேண்டும் என்று வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். மத்தியான வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது.

ரவ்தா காகிதப் பொட்டலத்திலிருந்து சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாகக் கடித்துத் தோலைத் துப்பியபடி மாடியின் நடுவில் குனிந்து நின்றாள். ஸ்ஃபாக்ஸ் நகரப் போலீஸில் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, முப்பதைத் தாண்டாத கண்கள். லம்ஜத் முன்னாள் டாக்ஸி டிரைவர். வண்டி ஓட்டத்தான் அவனை வைத்துக்கொண்டாள். வாய்தான் அதிகம் ஓடியது.

அவள் காலடியில் ஒரு சதுரப் பள்ளம். புது மாடிப்படி வைப்பதற்காகத் தளத்தை வெட்டியிருந்தார்கள். சிமென்ட் தூசி பறக்காமல் இருக்க, கொத்தனார் சாயங்காலமானால் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார். பள்ளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று, சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. நாலு பக்கமும் 'ஆபத்து' என்று அதே சிவப்பில் பெரிய எழுத்து.

இவ்வளவையும் மீறித்தான் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் நூரி இதற்குள் விழுந்து செத்திருந்தார். மாடியிலிருந்து நேரே தரைத்தளம்வரை.

"போலீஸ்ல விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க மேடம்," என்றார் பக்கத்தில் நின்ற ஷெத்லி. வீட்டுக்காரர். ஹௌம்த் ஸூக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் பருமனான மனிதர். கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை ஈரமாகிவிட்டது. "நூரியோட அக்கா எதுக்கு உங்களைக் கூப்பிட்டாங்கன்னே புரியல."

"அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, ஸீ ஷெத்லி," என்றாள் ரவ்தா, 'ஐயா' என்பதற்கான அந்த ஊர் வார்த்தையைச் சேர்த்து. "தம்பி கையில லைட் இருந்தது. விழுந்த பிறகும் அது எரிஞ்சுட்டுத்தான் இருந்தது. லைட் வெச்சிருந்தவன், இவ்வளவு பெரிய கோட்டை எப்படிப் பாக்காம போனான்?"

"அல்லாஹ்வோட விதி."

"விதிக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாதே," என்றான் லம்ஜத்.

ரவ்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஷெத்லியிடம் திரும்பினாள். "அன்னைக்கு அவர் எதுக்கு இங்க வந்தார்?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் மேடம். வெளிச்சம் மாறுற நட்சத்திரங்களைப் பாக்கறது. இன்னைக்கு எவ்வளவு பிரகாசம், நேத்தைக்கு எவ்வளவுன்னு பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அவர் தெருவுல புதுசா விளக்குக் கம்பம் நட்டுட்டாங்க. என் மாடி இருட்டு. ஒரு சாவி குடுத்து வெச்சிருந்தேன்."

"அன்னைக்கு எந்த நட்சத்திரம்?"

"ஏழைகளின் கிண்ணம்னு நம்ம கிழவங்க சொல்வாங்களே, அரைவட்டமா இருக்குமே, அதுக்குள்ள ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கா ஒரே மாதிரி எரியும். திடீர்னு ஒருநாள் யாரோ ஊதி அணைச்ச மாதிரி மங்கிடும். அது மங்க ஆரம்பிக்கிறதை முதல்ல பாக்கணும்னுதான் நூரி தவம் கிடந்தார்."

"அன்னைக்கு மங்கிச்சா?"

"இந்த வருஷம் முழுக்க மங்கவே இல்ல மேடம்."

"ஆனா அது மங்குதுன்னு நீங்க சாயங்காலம் போன் பண்ணினதா அவர் மனைவி போலீஸ்ல சொல்லியிருக்காங்க."

ஷெத்லியின் கைக்குட்டை நின்றது. "நான் போனே பண்ணல. அன்னைக்கு என் தங்கச்சி பொண்ணு கல்யாணம். மத்தளச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே காதுல விழல. ஊரே சாட்சி."

ரவ்தா தலையாட்டிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தாள். இறந்தவருடையது. கண்ணாடி மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு சிவப்பு?"

"வெள்ளை வெளிச்சம் பட்டா இருட்டுக்குப் பழகின கண்ணு கெட்டுடும். மறுபடி பழக அரைமணி ஆகும். சிவப்புன்னா கண்ணு கெடாது. நாங்க எல்லாரும் அதைத்தான்..." ஷெத்லி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரவ்தா மாடியின் ஓரத்தில் இருந்த தட்டுமுட்டு அறைக்குள் நுழைந்து, லம்ஜத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு தகரக் கதவைச் சாத்தினாள். உள்ளே கும்மிருட்டு.

"மேடம், எனக்குக் கல்யாணம் ஆகலை. வெளிய தெரிஞ்சா பொண்ணு கிடைக்காது."

"வாயை மூடிக்கிட்டு ஒரு சிகரெட் எடு."

"இது நல்லா இருக்கே!" லம்ஜத் சட்டைப் பையைத் தடவிப் பெட்டியை எடுத்தான். ரவ்தா டார்ச்சைத் தட்டினாள். மங்கலான சிவப்பு வெளிச்சம் அவன் கைமேல் விழுந்தது. அவன் பெட்டியைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"மேடம்... என் சிகரெட்டுக்குப் பேரே போயிடுச்சு!"

வெள்ளைப் பெட்டியில் சிவப்பு எழுத்து. இப்போது வெறும் பெட்டி. கீழே கருப்பில் அச்சடித்த புற்றுநோய் எச்சரிக்கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"சிவப்பு வெளிச்சத்துல வெள்ளையும் சிவப்பு, சிவப்பும் சிவப்பு," என்றாள் ரவ்தா. "வெள்ளைத் தரையில சிவப்புக் கோடு. பகல்ல ஊருக்கே தெரியும். ராத்திரி அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் தெரியாது."

லம்ஜத் பெட்டியைப் பைக்குள் போட்டான். நாலு பக்கமும் ஆபத்து என்று எழுதி வைத்துவிட்டு ஒருவனைக் கொன்றிருக்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் ஷெத்லி அங்கேயே நின்றிருந்தார். அவர் முகம் தரைக்குப் போட்டியாக வெளுத்திருந்தது.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா ஸீ ஷெத்லி?" ரவ்தாவின் குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நட்சத்திர வரைபடத்துல சிவப்புப் பேனாவைத் தொடக் கூடாது. இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க முதல்ல கத்துக்கற பாடமே அதுதானாம். அவர் அக்காவே சொன்னாங்க. அவங்களுக்கு அர்த்தம் தெரியல. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

"நான் பண்ணல மேடம்!"

"உங்க மாடி. உங்க பள்ளம். உங்க பெயின்ட். உங்களுக்கு அவர்மேல எவ்வளவு வெறுப்புன்னும் கேள்விப்பட்டேன். ஆரம்பத்துல நீங்க சனி கிரகத்தைப் பாத்து, புதுசா ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குன்னு கூவிட்டீங்களாம். அன்னையிலேருந்து உங்க நட்சத்திரச் சங்கத்துல உங்களை அவர் என்னன்னு கூப்பிட்டார்?"

ஷெத்லி தலை குனிந்தார். "சனியன் ஷெத்லின்னு."

லம்ஜத் அவசரமாக இருமினான்.

"என் பொண்ணு நிச்சயதார்த்தத்துல, சம்பந்தி முன்னாடி வெச்சுக் கூப்பிட்டார் மேடம். அவரை வெறுக்காதவன் இந்தத் தீவுல யாரு? ஆனா கோடு போட்டது நான் இல்ல. நெஜிபா. அவர் பொண்டாட்டி."

ரவ்தாவின் வாயில் விதை நொறுங்குவது நின்றது.

"பள்ளம் வெட்டினதைக் கேள்விப்பட்டு அவளே வந்தா. 'இவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, ஒரு கோடு போட்டு வெச்சுடறேன்'னு சொன்னா. நான் நீல டப்பாவை எடுத்துக் குடுத்துட்டுக் கடைக்குப் போனேன். இங்க நீலப் பெயின்ட் இல்லாத வீடு ஏது? கதவு, ஜன்னல் எல்லாம் அதுதானே? கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப எட்டிப் பாத்தா சிவப்பு. கேட்டேன். 'ஆபத்துன்னா சிவப்புதானே'ன்னா. அப்ப எனக்கும் உறைக்கல. நான் இப்பல்லாம் கேமராவுலதான் பாக்கறேன். டார்ச்சைத் தொட்டே வருஷமாச்சு. காலையில பொணத்துப் பக்கத்துல அந்த லைட் எரியறதைப் பாத்தப்பதான் நெஞ்சுல இடி விழுந்தது."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? அவகிட்டயா? 'உன் புருஷனை நீ போட்ட கோடுதாம்மா கொன்னுது'ன்னா? பாவம், வீட்டுப் பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும்? அன்னைக்கே உசிரை விட்டுருவா. போலீஸ்ல சொன்னா என்னைத்தான் தூக்குவாங்க. வாயை மூடிக்கிட்டேன்."

அறை மூலையில் நீல டப்பா இருந்தது. மூடி திறக்கப்படவே இல்லை.

வண்டி ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. லம்ஜத் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"பொய் சொல்றான் மேடம். டப்பாவை மாத்தி வெச்சுட்டு, அந்த அம்மா கையாலேயே பெயின்ட் அடிக்க வெச்சிருக்கான். போன் பண்ணி வரவழைச்சுட்டுக் கல்யாணத்துல போய் உக்காந்து சாப்பிட்டிருக்கான். பொண்டாட்டியை வெச்சே புருஷனை... என்ன ஜென்மம்!"

"இருக்கலாம்."

"இப்ப அந்த அம்மாகிட்ட போய் இதைச் சொல்லப் போறீங்களா?"

"அவங்க சாட்சி இல்லாம ஷெத்லியைத் தொட முடியாது."

"வேணாம் மேடம். அந்தக் கோடு ஒண்ணுதான் அவங்களுக்கு ஆறுதல். 'நான் செய்ய வேண்டியதைச் செஞ்சேன்'னு நினைச்சுத்தான் தூங்கிட்டிருப்பாங்க. அதையும் பிடுங்கணுமா?"

"பிடுங்கணும்னா பிடுங்கறதுதான், லம்ஜத்."

அவளிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லம்ஜத்துக்கு அவளைப் பிடிக்காமல் போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

நெஜிபா கதவைத் திறந்தாள். மெலிந்த உடம்பு. வெள்ளைத் துக்க ஆடை. யார் என்று கேட்டுக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, பாதாம் போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கூடத்துச் சுவரில் ஒரு சின்னப் பையனின் படம். பல் விழுந்த சிரிப்பு.

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்க வந்துட்டோம், லெல்லா நெஜிபா," என்றாள் ரவ்தா, இதுவரை லம்ஜத் கேட்டறியாத இதமான குரலில். "கோடு நீங்கதான் போட்டீங்கன்னு ஷெத்லி சொன்னார்."

"ஆமா. ரெண்டு தடவை அடிச்சேன். காஞ்சதும் மேல இன்னொரு தடவை. அதுக்கு மேல என்னால என்ன பண்ண முடியும்? அவர் நேரம் அவ்வளவுதான்."

அவள் கண்களைத் துடைத்தாள். லம்ஜத் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது சொல்லப்போகிறாள், இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான்.

ரவ்தா சொல்லவில்லை. அக்கா கொடுத்திருந்த நூரியின் பையிலிருந்து ஒரு நட்சத்திர வரைபடத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். வெள்ளைத் தாளில் கருப்புப் புள்ளிகள், சிறிதும் பெரிதுமாக.

"எனக்கு இதுல ஒரு மண்ணும் புரியல. அன்னைக்கு அவர் பாக்கப் போன நட்சத்திரம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவர் கண்ணை எடுக்காம நம்பர் சொல்லுவார், பக்கத்துல குளிர்ல உக்காந்து எழுதினது நான்தானே? இந்தப் படமெல்லாம் நகல் எடுத்ததும் நான்தான்."

"அப்படின்னா கொஞ்சம் வட்டம் போட்டுக் காட்டுங்க." ரவ்தா தன் பேனாவை நீட்டினாள்.

நெஜிபா வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். முனையைப் பார்த்தாள். உடனே அதை மேஜையில் வைத்துவிட்டு, பின்னால் திரும்பி அலமாரியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து, அரைவட்டத்துக்குள் ஒரு புள்ளியைச் சுற்றி அழகாக வட்டம் போட்டாள்.

"இதுதான்."

"என் பேனாவுக்கு என்ன?"

"அது சிவப்பு. இதுல சிவப்பு..."

வார்த்தை அங்கேயே நின்றது.

லம்ஜத் நிமிர்ந்து பார்த்தான். ரவ்தா விதைப் பொட்டலத்தை எடுக்கவில்லை. எதையும் செய்யவில்லை. காத்திருந்தாள்.

"சொல்லுங்க லெல்லா நெஜிபா. இதுல சிவப்பு ஏன் வேண்டாம்?"

வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நெஜிபா பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தபோது அந்த முகத்தில் விதவையைக் காணோம்.

"நீங்க கெட்டிக்காரி," என்றாள். "ஷெத்லி மாட்டிக்குவான்னு நினைச்சேன்."

"ஷெத்லி போன் பண்ணினார்னு புருஷன்கிட்ட சொன்னது நீங்க."

"நான்தான். நட்சத்திரம் மங்குதாம்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன் கையைக்கூடக் கழுவாம எழுந்துட்டார். 'பள்ளம் இருக்கு, சிவப்பா கோடு போட்டிருக்கேன், கோடு வர்ற இடத்துல ஒதுங்கி நடங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். 'சிவப்பு'ன்னே சொன்னேன். யோசிச்சிருந்தா பிழைச்சிருப்பார். நான் பேசி என்னைக்கு அவர் காதுல வாங்கினார்?"

"ஏன்?" கேட்டது லம்ஜத். கேட்க நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "இல்யாஸ். என் பையன். காய்ச்சல்ல உடம்பு நெருப்பா கொதிச்சுது. கழுத்து வளையல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவர் கார்ச் சாவியைக் கையில எடுத்தார். அந்த நேரம் பாத்து வாசல்ல ஷெத்லி, 'நூரி! கழுகு மண்டலத்துல ஒரு நோவா! புதுசா ஒண்ணு வெடிச்சிருக்கு, வா!'ன்னு கத்தினான். சாவியோட அப்படியே போயிட்டார். தீவோட அந்தக் கோடியில இருட்டா இருக்குமாம். நான் பையனைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடினேன். பாதி வழியில அவன் கனம் மாறிப்போச்சு. தூக்கினவங்களுக்குத்தான் அது தெரியும்."

லம்ஜத் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"விடிஞ்சு வந்தார். நான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். 'எவ்வளவு பிரகாசம் தெரியுமா நெஜிபா'ன்னுதான் முதல்ல சொன்னார். அதையும் விடுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வாழ்ந்துட்டேன். இந்த வருஷம் சங்கத்து விழாவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'அந்த நோவாவைப் பாத்த ராத்திரிதான் என் வாழ்க்கையிலேயே பொன்னான ராத்திரி'ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. ஷெத்லி எழுந்து நின்னு தட்டினான். நான் மூணாவது வரிசையில இருந்தேன்."

"அதனால ஒருத்தர் செத்தார், இன்னொருத்தர் தூக்குல தொங்கட்டும்னு அவர் மாடியையே தேர்ந்தெடுத்தீங்க," என்றாள் ரவ்தா. இதமான குரல் போய்விட்டிருந்தது. "பையனுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு ஷெத்லிக்குத் தெரியுமா?"

"கேட்டுட்டாவது கூப்பிட்டிருக்கலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப அவர் என்ன குத்தம் பண்ணினார்?"

நெஜிபா ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"அன்னைக்கு ராத்திரி வீட்டுல இருந்தேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. அதாச்சும் உண்மையா?"

"இல்ல. பின்னாலயே போய்க் கீழ் அறையில நின்னுட்டிருந்தேன். மேல துணி கிழியற சத்தம் கேட்டுச்சு. அடுத்த நிமிஷம் என் காலடியில கிடந்தார். உசிரு இருந்தது."

ரவ்தா முன்னால் சாய்ந்தாள். "பேசினாரா?"

"பேசினார். என்னைப் பாத்ததும் ஆச்சரியம்கூடப் படல. இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. வாயில ரத்தம். என்ன கேட்டார் தெரியுமா? 'நீயாவது மேல போய்ப் பாரு நெஜிபா. எவ்வளவு மங்கியிருக்குன்னு வந்து சொல்லு'ன்னார்."

"நீங்க?"

"போனேன். படியேறி மாடிக்குப் போய் அண்ணாந்து பாத்தேன். இவ்வளவு வருஷம் எழுதினேனே, ஒரு நாள்கூட என்னைப் பாக்கச் சொன்னதில்ல. நிதானமாப் பாத்தேன். கீழ இறங்கி வந்து அவர் காதுகிட்ட உக்காந்தேன்." அவள் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "மங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்ச முகமா போயிருப்பார். 'மங்கவே இல்லீங்க, எப்பவும் போலத்தான் இருக்கு, நான் சொன்னது பொய்'ன்னு சொன்னேன். அவருக்குப் புரியறவரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். புரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் கத்த ஆரம்பிச்சார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன்."